ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்ட குடியாத்தம் தம்பிக்கு

தம்பி, குடியாத்தத்திலிருந்து எழுதியிருந்தாய். அக்டோபரில் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேரப் போகிறாய், சந்தோஷம். கூடவே ஐந்து கேள்வி. அரிசி, பருப்பு எத்தனை கிலோ கொண்டு வரலாம்? குக்கர் விடுவார்களா? குளிருக்கு என்ன வாங்க வேண்டும்? பார்ட் டைம் வேலை உடனே கிடைக்குமா? கடைசியாக, வாட்ஸ்அப் குரூப்பில் பழக்கமான சீனியர் ஒருத்தர் தன் ரூமில் இடம் இருக்கிறது, 500 யூரோ அட்வான்ஸ் அனுப்பினால் பிடித்து வைக்கிறேன் என்கிறாரே, அனுப்பட்டுமா?

முதல் நாலும் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஐந்தாவதைப் படித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அனுப்பாதே.

நான் ஆற்காடு. 2017 செப்டம்பர் 30, சனிக்கிழமை, விஜயதசமி. அன்றைக்குக் கிளம்பினால் படிப்பு நன்றாக வரும் என்று அம்மா நாள் பார்த்துச் சொல்லி டிக்கெட் போட்டது. விடிவதற்குள் சென்னையில் ஏறி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, லைப்சிக்கில் ரயில் மாறி, கெம்னிட்ஸ் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஊர் நடுவில் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும், ஏழு மீட்டர் உயர வெண்கலம், உடம்பு கிடையாது. 1990 வரை ஊருக்கே அவர் பெயர்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தத் தலையைத் தாண்டிப் போனபோது அவர் என்னைத்தான் முறைக்கிறார் என்று தோன்றியது.

நாள் பார்த்த அம்மாவுக்கு ஜெர்மன் காலண்டர் தெரியாது. மறுநாள் ஞாயிறு, ஸ்டேஷன் கடையைத் தவிர எதுவும் திறக்காது. செவ்வாய் அக்டோபர் 3, தேசிய விடுமுறை. நடுவில் மாட்டிய திங்கட்கிழமையில் பாதிப் பேர் லீவு. எனக்கு இடம் தருவதாகச் சொன்ன சீனியருக்கு நான் போய்ச் சேர்ந்த அன்று நைட் ஷிஃப்ட். அவருக்குக் கொடுக்க அம்மா கட்டிக் கொடுத்த மக்கன் பேடா டப்பாவை உடைத்து ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளையும் நானே தின்றேன். இன்று வரை மக்கன் பேடா என்றால் எனக்கு அந்த ஹாலின் வாசனைதான் வருகிறது.

ஹால் என்றா சொன்னேன்? நடை. நான் 400 யூரோ அனுப்பிப் பிடித்து வைத்திருந்த "ரூம்", ஷூ ரேக்குக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் போட்ட ஒரு மெத்தை. இரண்டு ரூம் வீட்டில் ஆறு பேர். ராத்திரி யார் எழுந்து போனாலும் என் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, நம் வீட்டுக் கல்யாணங்களில் இதைவிட மோசமாகப் படுத்திருக்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

இங்கே ஒரு வீட்டில் குடியேறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். நம் பையன்கள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள், ஜெர்மன்காரர் அன்மெல்டுங் என்பார். அதற்கு, இவர் என் வீட்டில் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது இரண்டே பேர். மிச்சம் நாலு பேரும் அவர் கணக்கில் இல்லை. நான் காகிதம் கேட்டபோது சீனியர் சிரித்தார். "பாத்துக்கலாம்டா" என்றார்.

பார்த்துக்கலாம். நம் ஊரில் இந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. தாலுகா ஆபீசில் மாமாவுக்குத் தெரிந்தவர் இருப்பார், கவுன்டர் மூடின பிறகும் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். இங்கே ஜன்னல் கிடையாது. பதிவுக் காகிதம் இல்லை என்று பேங்கில் என் கணக்கை ஓட விடவில்லை. கணக்கு ஓடாததால் ப்ளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே கட்டி மாதாமாதம் பிரித்து வாங்கும் கணக்கில், நைனா கட்டிய 8,640 யூரோ அப்படியே பூட்டிக் கிடந்தது. இரண்டு சவரனும் ஒரு கூட்டுறவு வங்கிக் கடனும் சேர்ந்த பணம் அது. கையில் இருந்தது 450 யூரோ. அதில் ஐந்து வாரம் ஓட்டினேன். முட்டை, பிரெட், மென்சா என்கிற யூனிவர்சிட்டி கேன்டீனில் மிச்சமிருக்கும் மலிவான சாப்பாடு. ரோட்டோரம் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட் தருவார்கள். அதையும் பொறுக்கியிருக்கிறேன், நைனாவுக்குத் தெரியாது.

உனக்கு இப்போது கட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ, ஏறக்குறைய 12 லட்சம். மாதத்துக்கு 992 யூரோ வீதம்தான் உன் கைக்கு வரும். இப்போது சில கணக்குகளை ஆன்லைனிலேயே திறந்துவிடலாம், என் அளவுக்குத் திண்டாட மாட்டாய். ஆனாலும் பதிவு இல்லாமல் விசாவை நீட்டிக்க முடியாது. அதனால் அந்தச் சீனியரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "அண்ணா, அன்மெல்டுங்குக்கு வீட்டுக்காரர் காகிதம் தருவாரா?" தருவார் என்றால், வீட்டுக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டச் சொல். மழுப்பினால் விட்டுவிடு. நான் வெளியூரில் இருக்கிறேன், பணத்தைப் போடு, சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யார் சொன்னாலும் அது சுத்த மோசடி. முறையாக வீடு எடுத்தாலும் அட்வான்ஸாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கச் சட்டத்தில் இடமில்லை, அந்தக் கணக்கில் ஹீட்டர் செலவெல்லாம் சேராது. மாணவர் விடுதிக்கு இன்றைக்கே விண்ணப்பி. வரிசை நீளம். எனக்கு நவம்பரில் கிடைத்ததற்குக் காரணம் ஆகஸ்டிலேயே விண்ணப்பித்திருந்ததும், வாரா வாரம் அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றதும்தான். அங்கிருந்த அம்மாவுக்கு என் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. இடம் கிடைக்கும் வரை பயணிகள் தங்கும் ஹாஸ்டலில் பெட்டுக்குக் காசு கொடுத்துத் தங்கினாலும் நஷ்டமில்லை.

அந்த 400 யூரோ திரும்பவே இல்லை. சீனியர் நம் ஜில்லாக்காரர்தான். அப்போது ஒரே வேலூர் ஜில்லா, 2019-ல்தான் மூன்றாகப் பிரித்தார்கள், இப்போது யோசித்தால் அவர் எந்த ஜில்லா பங்கில் போனார் என்றுகூடத் தெரியவில்லை. வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்து மட்டும் ஃபார்வர்ட் ஆகி வருகிறது.

விடுதி கிடைத்தது, பதிவும் ஆனது. கதை முடிந்தது என்று நினைத்தேன். பேங்க் கார்டு ஒரு கடிதத்திலும் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் வீட்டுக்கு வரும் என்றார்கள். கீழே வரிசையாகத் தகரத் தபால் பெட்டிகள். என் பெட்டியில் வெள்ளைத் தாளை வெட்டி, என் பெயரை அழகாக எழுதி, செல்லோடேப் போட்டு ஒட்டினேன். தினம் காலையும் மாலையும் திறந்து பார்ப்பேன். பீட்சா விளம்பரம் வரும். கடிதம் வராது. இரண்டு வாரம் ஆயிற்று. ஒருநாள் எதிர் ரூம் ஜெர்மன் பையன் படியில் நிறுத்தி ஒரு பெயரைச் சொல்லி, "இப்படி யாராவது இங்கே இருக்கிறார்களா, தபால்காரர் தேடிவிட்டுப் போனார்" என்றான். அவன் உச்சரிப்பில் எனக்கு முதலில் பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. எங்கள் நைனா பெயர்.

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார், தம்பி. சர்நேம் என்ற இடத்தில் உன் அப்பா பெயர் இருக்கும். இங்கே அதுதான் நீ. பேங்கிலும் யூனிவர்சிட்டியிலும் டாக்டர் கிளினிக்கிலும் உன்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் தடவை பல் வலி என்று போய், நைனா பெயரை மூன்று முறை கூப்பிட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். தபால்காரருக்கும் அப்படித்தான், பெட்டியில் குடும்பப் பெயர் இல்லையென்றால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆற்காட்டில் எங்கள் தெருப் பெயரையும் டீக்கடை பெயரையும் எழுதினால் போதும், தபால் வீடு வந்து சேரும், இல்லையென்றால் டீக்கடைக்காரராவது கொண்டு வந்து கொடுப்பார். வந்த அன்றே பெட்டியிலும் காலிங் பெல்லிலும் அப்பா பெயரை ஒட்டு, பாஸ்போர்ட் ஸ்பெல்லிங் மாறாமல்.

பெட்டிக்கு வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் போடாதே. ரேடியோ, டிவி கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு வரும். என்னிடம் டிவியே இல்லையே என்று வாதாடாதே. அது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு, கட்டித்தான் ஆக வேண்டும். இன்ஷூரன்ஸில் மட்டும் ஏமாறாதே. மலிவு என்று ஏஜென்ட் தள்ளிவிடும் தனியார் காப்பீட்டை வைத்து அரசு முறைக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும் வரை அந்தப் பக்கம் திரும்ப முடியாது. கன்சல்டன்சிக்காரர்களைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், விடு.

படிப்பில் ஒரே எச்சரிக்கை. வகுப்பில் உட்கார்ந்தால் தேர்வு எழுதிவிடலாம் என்று நினைக்காதே. ஒவ்வொரு பாடத்துக்கும், குறித்த தேதிகளுக்குள், தேர்வுக்கென்று தனியாகப் பதிய வேண்டும். நான் ஊரில் படித்த காலேஜில் ஃபீஸ் கட்டாதவனைக்கூட கிளர்க் வராண்டாவில் கூப்பிட்டு ஹால் டிக்கெட் வாங்கிக்கடா என்பார். இங்கே யாரும் கூப்பிடவில்லை. முதல் செமஸ்டரில் இரண்டு பாடத்தைப் பதியாமல் விட்டேன், அரை வருஷம் போயிற்று. இன்னொன்று, பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள், ஜெர்மனியில் வேறு யூனிவர்சிட்டியிலும் அதே படிப்பில் சேர முடியாது. என்னோடு நைட் ஷிஃப்டில் பார்சல் அடுக்கிய காட்பாடிப் பையனுக்கு அப்படித்தான் ஆனது. புத்திசாலி. அரியர் வைத்து முடித்துக்கலாம் என்றே கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தான். மார்க்கும் இங்கே தலைகீழ், 1.0 முதல் தரம், 4.0 வரை பாஸ். எனக்கு 1.3 வந்ததென்று வீட்டில் சொன்னபோது நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம், உடம்பைப் பாத்துக்கோ" என்றார்.

வேலையா? கிடைக்கும், முதல் செமஸ்டரில் தேடாதே. 2024 மார்ச்சிலிருந்து வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி, என் காலத்தில் 120, 240. மணிக்கு 8.84 யூரோவுக்குப் பார்சல் அடுக்கினேன். இப்போது சம்பளம் எவ்வளவோ மேல். ஆனால் காலை எட்டு மணி வகுப்பில் தூங்கினால் அந்தக் காசு எதற்கு?

ஜெர்மன் மொழி பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபம் வருகிறது. பாடமெல்லாம் இங்கிலீஷில்தானே என்பாய். எட்டு வருஷமாக இங்கே இருந்துகொண்டு பிரெட் கடையில் விரலை நீட்டி வாங்கும் நம் ஐ.டி. ஆட்களை எனக்குத் தெரியும். இவர்கள்தான் ஞாயிறு ஆனால் ஒரு வீட்டில் கூடி, ஜெர்மன்காரன் முசுடு, யாரையும் சேர்க்க மாட்டான் என்று பிரியாணி தின்றபடி பேசுவார்கள். எண்பதுகளில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களைப் பார். கையில் ஒன்றுமில்லாமல் வந்து, ஓட்டலில் தட்டு கழுவியே மொழியைப் பிடித்தார்கள். ஹம் என்ற ஊரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள். தேருக்கு நான் போயிருக்கிறேன். தேங்காய் உடைக்கும் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெரியவர், "தம்பி எவடம்?" என்றார், எந்த ஊர் என்று. வேலூர்ப் பக்கம் என்றேன். கோட்டை தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வேலூர்க் கோட்டையிலும் இலங்கைக்காரர்களை அடைத்து வைத்த காலம் ஒன்று உண்டு. அவர் ஒரு பொட்டலம் புக்கை, நம் ஊர்ப் பொங்கல்தான், கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மிச்சக் கேள்விகள். அரிசி வேண்டாம், இங்கே கிடைக்கிறது. பொடி கொண்டு வா. மூன்று லிட்டர் குக்கர் போதும், கேஸ்கெட் இரண்டு உபரி வைத்துக்கொள், அதுதான் எளிதில் கிடைக்காது. ஜாக்கெட் சென்னையில் வாங்காதே, அந்தக் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு. இங்கே வந்து வாங்கு. ஷூவும் இங்கேயே பார்த்துக்கொள். கடையில் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மேட் இன் இந்தியா என்று இருக்கும், எனக்கு உடனே ஷூ தைக்கும் நம் ஆம்பூர் ஞாபகம்தான் வரும்.

இப்போது ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன், தனி வாடகை வீடு, நடையில் யாரும் படுப்பதில்லை. போன வருஷம் குடிவந்தபோது தபால் பெட்டிக்குப் பித்தளைப் பலகையில் நைனா பெயரைப் பொறித்து மாட்டி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஆற்காட்டைத் தாண்டி அவர் போனது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கும் திருப்பதிக்கும்தான். ராத்திரி போன் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "ஏம்பா, வீட்டை என் பேர்லயா வாங்கியிருக்கே? அந்த ஊர்ல வரி எவ்வளவு வரும்?"