பழைய லாரியின் இன்ஜினைப் பிரித்து வேலை செய்வதா, வேறு இன்ஜின் மாற்றுவதா?

உங்கள் பழைய டீசல் லாரி ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துச் செய்துவிடலாம் என்கிறார், இன்னொருவர் வேறு இன்ஜினைத் தூக்கி வைக்கச் சொல்கிறார், யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இருவருமே இன்னும் எதையும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே இப்போதைக்கு இருவர் சொல்வதையும் ஒத்திப்போடலாம்.

ஆயில் குறைவதை மட்டும் வைத்து இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் டர்போவின் சீல் தேய்ந்தாலும், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வரும். டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி நிற்பது அதைக் காட்டிக்கொடுக்கும். ஏர் பிரேக் உள்ள வண்டியில் பலரும் மறந்துவிடுவது ஏர் கம்ப்ரஸரைத்தான்: ஏர் டேங்கின் அடியிலுள்ள வால்வைத் திறக்கும்போது தண்ணீரோடு கறுத்த ஆயிலும் நிறையக் கொட்டினால், காணாமல் போகும் ஆயிலில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போகிறது. இழுவைக் குறைவுக்கும் அடைத்துக்கொண்ட டீசல் ஃபில்டர், கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், தேய்ந்த நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) என்று மலிவான காரணங்கள் பல உண்டு. இவற்றைப் பார்க்காமலே இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் காற்றை நெருக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையிலுள்ள பல டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டரும் 25 முதல் 30 பார் வரை காட்டும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்தாற்போல் இறங்கியிருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அதன் பிஸ்டனை இரண்டு வால்வும் மூடிய நிலையில் மேலே நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிரீதரில் (இன்ஜினின் அடிப்பகுதிக் காற்றை வெளியே விடும் குழாய்) சீறினால் பிஸ்டன் ரிங்கோ லைனரோ (சிலிண்டரின் உட்சுவராக இருக்கும் குழல்) போயிருக்கிறது. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல். ஹெட் வேலையோடு முடிந்தால் உங்கள் கேள்விக்கே இடமில்லை.

கீழ்வரை வேலை இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதன்பின் பிளாக்கும் (இன்ஜினின் உடற்பகுதி) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் எப்படியும் மாற்றப்போகிறவை. ஆயில் சம்ப்பை இறக்கி கிராங்கைத் தாங்கும் ஒரு மெயின் பேரிங் ஷெல்லை (அரைவட்டத் தகடு) கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். ஒரே சீரான மங்கிய சாம்பல் நிறம் நல்ல அறிகுறி. மேற்பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் ஷெல் தன் வேலையை முடித்துவிட்டது. கிராங்கின் ஜர்னலில் (பேரிங்குக்குள் சுழலும் வழவழப்பான பகுதி) விரல் நகத்தை ஓட்டும்போது நகம் தடுக்கினால் கிரைண்டிங் செய்தாக வேண்டும். அது பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் படிகளாகத்தான் நடக்கும். அந்தப் படிக்கேற்ற தடித்த ஷெல் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்பதை வேலையைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இதற்குமுன் எத்தனை முறை கிராங்கைக் கிரைண்டிங் செய்திருக்கிறார்கள் என்பதற்கு, வண்டியை விற்றவர் சொன்ன கதையைவிட, பழைய ஷெல்லின் முதுகில் அச்சிட்டிருக்கும் அளவே நம்பத்தக்க சாட்சி.

பிளாக்கைப் பொறுத்தவரை, வெட் லைனர் இன்ஜின் (குளிரூட்டும் தண்ணீர் லைனரின் வெளிப்புறத்தை நேரடியாகத் தொடும் வகை) என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகமானது, ஏனெனில் லைனரை உருவி எடுத்துப் புதியதைப் போட முடியும். சில மாடல்களில் இன்ஜினைச் சேசிஸிலிருந்து இறக்காமலே இதைச் செய்துவிடுவார்கள். ஆனால் கிராங்கைக் கழற்றி அளக்க வேண்டிய நிலை வந்தால் இறக்கியே ஆக வேண்டும். லைனர் உட்காரும் படி அரித்திருந்தாலோ, ஷெல் சுழன்று மெயின் பேரிங் இருக்கையைத் தின்றிருந்தாலோ லேத் வேலை பெருகும். பிளாக்கில் விரிசல் விட்டிருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ வேறு இன்ஜினைத் தேடுவதுதான் விவேகம்.

அப்படித் தேடும்போது அதே மாடலைத் தேடுங்கள். வேறொருவர் ஓட்டிய பழைய இன்ஜின் என்றால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓடவிட்டு, ஆயில் அழுத்தத்தையும் பிரீதர் புகையையும் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். உத்தரவாதத்தோடு வரும் மறுசீரமைத்த இன்ஜின் கிடைத்தால் அது இதைவிட மேல், ஆனால் பல இடங்களில் உங்கள் பழைய இன்ஜினை உடையாத நிலையில் திருப்பிக் கொடுத்தால்தான் சொன்ன விலைக்குத் தருவார்கள். லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வருமான இழப்பு என்றால், அந்த நாட்களையும் செலவுக் கணக்கில் சேருங்கள். மாற்றும் வழி பெரும்பாலும் அங்கேதான் ஜெயிக்கிறது.

வேறு மாடல் இன்ஜினைப் பொருத்தும் யோசனையை நான் எளிதில் ஏற்கமாட்டேன். மவுண்ட், ஃபிளைவீல் ஹவுசிங், கிளட்ச், ரேடியேட்டர், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். காமன் ரெயில் இன்ஜினாக (டீசல் செலுத்துவதை மின்னணுக் கருவி கட்டுப்படுத்தும் வகை) இருந்தால் வயரிங்கும் கண்ட்ரோல் யூனிட்டும் சேர்ந்துகொள்ளும். புதிய இன்ஜினின் வேகம் பழைய ஆக்சிலின் பல் விகிதத்தோடு பொருந்தவில்லையென்றால் அதிகச் சக்தி இருந்தும் டீசல்தான் கரையும். இன்ஜின் எண் மாறுவதைப் பதிவு ஆவணத்திலும் காப்பீட்டிலும் ஏற்றுக்கொள்வார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால் சேசிஸ் துருவையும் கியர்பாக்ஸையும் ஒருமுறை பாருங்கள். அவையும் கைவிடும் நிலையில் இருந்தால் எந்த இன்ஜினும் வேண்டாம், விற்றுவிடுங்கள்.

பழைய இன்ஜின் பேரிங் உதிர்ந்து போயிருந்தால், எந்த வழியில் போனாலும் பழைய ஆயில் கூலரை மறுபடி மாட்டாதீர்கள். அதன் குறுகிய வழிகளில் தங்கிய உலோகத்தூளை முழுவதும் கழுவி எடுக்க முடியாது. முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பிரித்து அதில் துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.