டிஜே என்றால் பட்டன் அழுத்துபவர்தானே? பால் வான் டைக் போன்றவர்களுக்கு ஏன் இவ்வளவு பெயரும் பணமும்?

ஏதோ ஒரு கல்யாண ரிசப்ஷனில் கையைத் தூக்கித் தூக்கிக் குதித்த ஆளைப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். வீட்டிலேயே கலந்து வைத்த பதிவை ஓடவிட்டு, மேடையில் சும்மா குமிழைத் திருகுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. பால் வான் டைக் என்கிற ஜெர்மன் டிஜேயையும் அந்த வரிசையில் நிறுத்தியதுதான் பொறுக்கவில்லை.

நான் பெர்லினில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். வார இறுதியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு ஸ்பீக்கர் கட்டுவது, பாட்டுப் போடுவது. போன தீபாவளி விழா முடிந்து கணக்குப் பார்க்கும்போது, ஏற்பாட்டாளர்களில் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், "தம்பி, உந்தப் பட்டனை அமத்துறதுக்கு இவ்வளவு காசோ?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அண்ணே, நீங்க எந்த வழியா பெர்லின் வந்தீங்க?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டதுதான். அந்தத் தலைமுறையிடம் இதைக் கேட்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். 1985இல் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிக்ஷ்ட்ராசெ நிலையத்தில் ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்தவர் அவர். கிழக்கு ஜெர்மனி தன் நாட்டு வழியாகக் கடந்து போக விசா கொடுத்தது. மேற்குத் தரப்போ நகரத்தைப் பிரித்த அந்தக் கோடு ஒரு நாட்டெல்லை என்றே ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லை. ஈழத்தமிழர் பலர் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

"அதே வருஷம் அதே கிழக்கு பெர்லின்ல மத்தியாஸ் பால்னு ஒரு பையன் இருந்தான்ணே. பதிமூணு வயசு. நீங்க தாண்டி வந்த நிலையத்தை அவனால தாண்ட முடியாது" என்றேன். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்தப் பையன்தான் பால் வான் டைக். பிறந்தது 1971இல், ஐசன்ஹியூட்டன்ஷ்டாட்டில். பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மேற்கு பெர்லின் வானொலியை ரகசியமாகக் கேட்டு வளர்ந்தவர். பிடித்த இசைத்தட்டைக் கடையில் போய் வாங்க வழியில்லை. 1989இல், சுவர் விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான், தாயும் மகனும் வெளியேற அனுமதி கிடைத்து ஹாம்பர்க் போனார்கள். பிறகு பெர்லின் திரும்பினார். தச்சுவேலை பழகியவர். 1991இல் டிரெசார் கிளப்பில் முதல் மேடை, அப்புறம் ஈ-வெர்க் கிளப். 1994இல் வந்த முதல் ஆல்பத்தில் இருந்த 'ஃபார் ஆன் ஏஞ்சல்' உண்மையில் பெரிய வெற்றி கண்டது 1998இல் மறுபடி செய்து வெளியிட்டபோதுதான். நாலு வருஷம்! 2000இல் வாண்டிட் என்று சொந்த இசை வெளியீட்டு நிறுவனம். 2005, 2006 இரண்டு ஆண்டும் டிஜே மேக் பத்திரிகையின் வாக்கெடுப்பில் உலகின் முதலிடம். அந்த வாக்கெடுப்பு வெறும் பிரபலப் போட்டி என்று கீழே எழுத வருவீர்கள், தெரியும். சரி, அதை விட்டுவிடுங்கள்.

மேடையில் இரண்டு கணினி, கீபோர்டு, மிக்சர் வைத்து, தன் பாட்டுகளை அங்கேயே பிரித்துச் சேர்த்து வாசிப்பது அவர் பாணி. ஓடுகிற பாட்டு நிமிடத்துக்கு 136 தாள அடி, அடுத்தது 138 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை இணைத்தால் மட்டும் போதாது. அடி அடியின் மேலேயே விழ வேண்டும், சுருதி இடிக்கக்கூடாது, இரண்டு பாட்டின் பேஸும், அதாவது அடித்தள ஒலியும், ஒரே நேரத்தில் ஒலித்தால் எல்லாம் குழம்பிவிடும். ஒன்றின் பேஸை இறக்கி மற்றதை ஏற்றுகிற அந்தக் கணத்தைத் தவறவிட்டால் ஆடுகிற கூட்டம் தண்ணீர் குடிக்கப் போய்விடும்.

2016 பிப்ரவரியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் நிகழ்ச்சியின்போது மேடையிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிவு, மூளையில் காயம். பேசவும் நடக்கவும் மறுபடி பழக வேண்டியிருந்தது. சில மாதங்களிலேயே, அந்தக் கோடையில், லாஸ் வேகாஸில் மேடையேறினார். அடுத்த ஆண்டு புது ஆல்பம். ரசிகன் என்பதால் ஊதிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அவருக்குக் குடுக்கலாம். உமக்கேன்?" என்றார்.

காசு ஒருவழியாக வந்தது, குறைத்துத்தான். குறைத்ததற்குச் சொன்ன காரணம், மண்டபக்காரர் வைப்புத்தொகையில் பாதியைப் பிடித்துவிட்டாராம், தரையில் கோலப்பொடிக் கறையாம். கோலம் போட்டது நானா? தண்ணீர் விட்டுத் துடைத்தால் போகிற பொடிக்கு அவ்வளவு பணமா? இந்த ஊரில் மண்டபம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து முன்பே தரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டுமே.

கேட்டவருக்கு ஒன்று. இலவச டிஜே மென்பொருள் எதையாவது இறக்கி, அதில் பாட்டுகளின் வேகத்தைத் தானாகவே இணைக்கிற சிங்க் பட்டனை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு இரண்டு பாட்டைக் கலந்து பாருங்கள். பதிவு செய்து அனுப்பினால் கேட்கிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், எனக்கு ஒரு சாமத்திய வீட்டு (பூப்புனித நீராட்டு) நிகழ்ச்சி இருக்கிறது.