ஆர்எச் நெகட்டிவ் ரத்த குரூப்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

நானும் கணவரும் நெகட்டிவ். ஆன்டி-டி ஊசி வேண்டுமா? (குன்னூர்)

வேண்டாம். நெகட்டிவ் தாயின் உடம்பு, பாசிட்டிவ் சிசுவின் ரத்தத்துக்கு எதிராக எதிரணு (ஆன்டிபாடி) உண்டாக்காமல் தடுக்கத்தான் இந்த ஊசி. இருவரும் நெகட்டிவ் என்றால் பிள்ளையும் நெகட்டிவ்தான். ஆனால் அவர் நெகட்டிவ் என்பதற்கு லேப் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். லைசென்ஸில் அச்சடித்திருப்பது கணக்கில் வராது.

பதினாலாம் வாரம் கலைந்து, டி அண்ட் சி (கருப்பையைச் சுத்தம் செய்வது) செய்தார்கள். 'முதல் பிள்ளைக்குப் பயமில்லை' என்று ஊசி போடவில்லை. இன்று ஐந்தாம் நாள். (கோத்தகிரி)

கணவர் குரூப்பை எழுதவில்லை. பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த 'முதல் பிள்ளைக்குப் பயமில்லை' பேச்சைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிப்பது உண்மைதான். கலைந்ததும் உடம்புக்கு ஒரு கர்ப்பம்தானே? கருவின் பாசிட்டிவ் ரத்தம் ஒரு மில்லிகூட வேண்டாம், அதற்கும் குறைவாக உங்கள் ரத்தத்தில் கலந்தாலே எதிரணு உண்டாகலாம். உண்டானால் ஆயுளுக்கும் போகாது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தாண்டிப் போய்ச் சிசுவின் சிவப்பணுக்களை உடைக்கும்: ரத்தசோகை, கடும் மஞ்சள் காமாலை, வயிற்றிலேயே நீர்கோத்து இறப்பு. கலைந்தாலும், கலைத்தாலும், குழாயில் கரு தங்கினாலும், வயிற்றில் அடிபட்டாலும் டாக்டரிடம் 'நான் நெகட்டிவ்' என்று நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

கெடு 72 மணி நேரம். தாண்டிவிட்டதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், பத்து நாள் வரைகூட ஓரளவு பலன் உண்டு. இன்றே போய், முதலில் ஐசிடி-க்கு (உங்கள் ரத்தத்தில் எதிரணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) ரத்தம் கொடுத்துவிட்டு 300 மைக்ரோகிராம் போட்டுக்கொள்ளுங்கள். எதிரணு ஏற்கெனவே உண்டாகியிருந்தால் ஊசி வீண். அடுத்த கர்ப்பத்தைத் தொடக்கத்திலிருந்தே கண்காணிக்க வேண்டும்.

ஊட்டிக் குளிருக்கு ஊசி மருந்தை ஜன்னலோரம் வைத்தால் போதாதா?

போதாது. 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைபனி இரவில் உறைந்தாலும் கெடும், பகல் வெயில் பட்டாலும் கெடும்.

28-வது வாரம் போட்டாயிற்று. பிரசவத்துக்குப் பிறகும் வேண்டுமா? (கூடலூர்)

குழந்தை பாசிட்டிவ் என்றால் கட்டாயம் வேண்டும், அதே 72 மணிக்குள். ஊசி தாய்க்குத்தான். தொப்புள்கொடி ரத்தத்தில் குரூப், டிசிடி (குழந்தையின் சிவப்பணுவில் எதிரணு ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை), பிலிருபின் (காமாலை அளவு) மூன்றும் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். ஒரு 300 மைக்ரோகிராம் ஊசி சுமார் 30 மில்லி சிசு ரத்தத்தைத்தான் சமாளிக்கும். நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்திருந்தால் கூடுதல் டோஸ் தேவையா என்று கேளுங்கள். முன்பே போட்ட ஊசியால் ஐசிடி லேசாக பாசிட்டிவ் காட்டலாம், பதற வேண்டாம். மழைக்காலப் பிரசவமென்றால் மண் சரிந்து ரோடு அடைபடுவதற்கு முன்பே மருந்து எங்கே இருக்கிறதென்று விசாரித்து வையுங்கள்.

ஒரு லேபில் நெகட்டிவ், இன்னொன்றில் பாசிட்டிவ். எது சரி? (பந்தலூர்)

வயது, ஆணா பெண்ணா, எதுவும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. 'வீக் டி' ஆக இருக்கலாம், அதாவது சிவப்பணுவில் பாசிட்டிவ் அடையாளமான 'டி' மங்கலாக இருப்பது. ரத்த வங்கியில் மறுபரிசோதனை செய்து ரிப்போர்ட் வாங்குங்கள். வீக் டி என்று உறுதியானால், ரத்தம் கொடுக்கும்போது பாசிட்டிவ். ஏற்றிக்கொள்ளும்போது பொதுவாக நெகட்டிவ்.

நெகட்டிவ்காரர் பலவீனமானவரா?

இல்லை.