80 சதவீதப் பொத்தான்

மாற்றுத்திறன் பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுகிற தனியாள் கல்வித் திட்டத்தில் இலக்கு எழுதுவது பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் நிறைய.

“‘எழுத்துகளைப் புரிந்துகொள்வான்’ என்று இலக்கு எழுதியிருக்கிறேன். சரிதானே?” (சிறப்புப் பயிற்றுநர், தக்கலை)

சரியில்லை. புரிந்துகொண்டதை எப்படிப் பார்ப்பீர்கள்? காட்டுவான், எடுத்துக் கொடுப்பான், வாசிப்பான் என்று கண்ணுக்குத் தெரிகிற செயலை எழுதுங்கள். அதற்கும் முன்னால், இன்றைக்கு அவனுக்கு எத்தனை எழுத்து தெரியும் என்று எழுதுங்கள். தொடக்க நிலை இல்லாத இலக்கு வேண்டவே வேண்டாம்.

“ஒரு பிள்ளைக்கு எத்தனை இலக்கு?” (தோவாளை)

ஒரு பருவத்துக்கு மூன்று நான்கு போதும்.

“மாணவனுக்கு வயது 9. இலக்குகள் எழுதி அனுப்பவும்.” (கருங்கல்)

வயதை மட்டும் வைத்து யாராலும் எழுத முடியாது. அவனுக்கு என்ன வரும், எங்கே திணறுகிறான் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. இரண்டு நாள் அவனோடு உட்காருங்கள். தொடக்க நிலையைக் குறித்துக்கொண்டு, அப்புறம் எழுதுங்கள்.

“எல்லா இலக்கிலும் 80 சதவீதம் என்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?” (ஆசிரியை, திருவட்டாறு)

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை. வாசிப்பில் பத்துச் சொல்லுக்கு எட்டு என்றால் பொருள் இருக்கிறது. ரோட்டைக் கடப்பதில்? வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால் ஐந்து தடவையில் நான்கு தடவை பத்திரமாகக் கடந்தான் என்றால், ஐந்தாவது தடவை என்ன ஆயிற்று? ரோடு, அடுப்பு, மாத்திரை மூன்றுக்கும் 100 தவிர வேறு எண் கிடையாது.

முன்பு என்னிடம் ஒரு கோப்பு வந்தது. ‘80 சதவீதம் பொத்தான் போடுவாள்.’ சட்டையில் ஐந்து பொத்தான். நான்கைப் போட்டாள், கோப்பில் ‘இலக்கு எட்டப்பட்டது’. பிள்ளையோ தினமும் காலையில் தாடையைத் தூக்கிக்கொண்டு, கழுத்துப் பொத்தானுக்காக அம்மா முன்னால் வந்து நிற்கிறாள். அந்தப் பொத்தான் அவள் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் சிக்கல். மடியில் விரித்த சட்டையில் முதலில், பிறகு கண்ணாடி பார்த்து, பிறகு கண்ணாடி இல்லாமல் என்று படிப்படியாகப் பிரித்திருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையைப் பிடித்தா, தொட்டுக் காட்டியா, வாயால் சொல்லியா, தானாகவா என்பதையும் எழுதியிருக்க வேண்டும். எண்ணைச் செயலைப் பார்த்துப் போடுங்கள் அம்மா, பழக்கத்துக்குப் போடாதீர்கள்.

“இங்கிலீஷில் எழுதிய திட்டத்தில் கையெழுத்து கேட்கிறார்கள்.” (ஒரு தாய், குளச்சல்)

தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்கின பிறகு போடுங்கள்.

“மகளுக்கு 12 வயது, ஊனம் 60 சதவீதம். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள்.” (மேல்புறம்)

அனுப்புங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் போய்ப் பேசுங்கள்.

“வகுப்பில் பத்து ரூபாய் நோட்டைச் சரியாக எடுக்கிறான், கடையில் முழிக்கிறான்.” (இரணியல்)

வகுப்பில் விளையாட்டு நோட்டுதானே கொடுத்தீர்கள்? இலக்கில் இடத்தையும் எழுதுங்கள்: ‘பள்ளிக்கு எதிர்க் கடையில், நிஜ நோட்டு கொடுத்து, ஒரு ஏத்தன் பழம் வாங்குவான்.’ கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் அவசரப்படுத்தாமல் நிற்கட்டும்.