மூலையில் ஏறிக்கொண்டே போகும் தகைவு

கேள்வி: எல் வடிவ எஃகு பிராக்கெட் ஒன்றை ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளில் (பொருளை எலிமெண்ட் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது) சோதித்தேன். உள்மூலையில் தகைவு (ஓரலகு பரப்பில் வரும் விசை) 180 மெகாபாஸ்கல் வந்தது. எலிமெண்ட் அளவைப் பாதியாக்கினால் 247. மறுபடி பாதியாக்கினால் 338. இன்னும் நுணுக்கினால் சரியான விடை வந்துவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எங்கே நிறுத்துவது?
– இறுதியாண்டு மாணவர், கோவை

பதில்: நிறுத்தும் இடமே வராது. உங்கள் எண்களை வகுத்துப் பாருங்கள். 247-ஐ 180-ஆல் வகுத்தால் 1.37. 338-ஐ 247-ஆல் வகுத்தாலும் 1.37. செங்கோண உள்மூலைக்கு என்றே உள்ள எண் இது! மீள்தன்மைக் கோட்பாட்டின்படி அங்கே தகைவு, மூலையிலிருந்து உள்ள தூரத்தின் 0.4555-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும், 1952-ல் எம். எல். வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் காட்டியது இது. தூரம் பாதியானால் தகைவு 2-இன் 0.4555-ஆம் அடுக்கு மடங்கு, அதாவது 1.37 மடங்கு ஆகும். ஆகவே மென்பொருள் தவறு செய்யவில்லை. நீங்கள் கொடுத்த கணக்குக்கு அந்தப் புள்ளியில் விடை முடிவிலி.

பட்டறையில் இப்படிக் கூரான மூலை கிடையாது. பிராக்கெட்டைச் செய்பவரிடம் மூலையின் வளைவு ஆரத்தைக் கேளுங்கள். 3 மில்லிமீட்டரோ 5 மில்லிமீட்டரோ, அதை வரைந்து, வளைவின் மேல் பல எலிமெண்ட்கள் வருமாறு மெஷ் (எலிமெண்ட்களின் வலை) போடுங்கள். இப்போது நுணுக்க நுணுக்க எண் ஓரிடத்தில் நிலைக்கும். அதுதான் அறிக்கையில் எழுத வேண்டிய எண். பிராக்கெட் எவ்வளவு வளைகிறது என்பது மட்டும்தான் கேள்வி என்றால் கூரான மூலையே போதும். இடப்பெயர்ச்சி, மெதுவாகவேனும், ஒரு விடையை நெருங்கிவிடும்.

எட்டு நோட் எலிமெண்ட்டுக்கு (மூலைகளோடு பக்க நடுவிலும் நோட் எனும் கணக்குப் புள்ளி கொண்ட உயர்படி எலிமெண்ட்) மாறினால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மெஷ் எங்கும் ஒரே அளவில் இருந்தால் அதனால் பெரிய பலன் இல்லை. விடையை நெருங்கும் வேகத்தை மூலைதான் கட்டிப்போடுகிறது. மூலையை நோக்கி எலிமெண்ட்களைப் படிப்படியாகச் சிறிதாக்கினால்தான் உயர்படி எலிமெண்ட் தன் திறமையைக் காட்டும்.

அங்கே உண்மையிலேயே விரிசல் இருந்தால் கேள்வியையே மாற்ற வேண்டும். விரிசல் நுனியில் தகைவு எவ்வளவு என்று கேட்காதீர்கள்; நுனியைச் சுற்றித் தகைவு எவ்வளவு வலுவாக ஏறுகிறது என்று சொல்லும் தகைவுச் செறிவுக் காரணியை (stress intensity factor) கேளுங்கள். அதற்கு 1975-ல் வந்த ஓர் உத்தி எனக்கு இன்றும் வியப்பு தருகிறது. நுனியைத் தொடும் எலிமெண்ட்களில் பக்க நடு நோட்டை நுனிப்பக்கமாகக் கால் தூரத்துக்கு நகர்த்தினால் போதும், விரிசலுக்குரிய தகைவு ஏற்றம் தானாகவே வந்துவிடும். விரிசல் வளர வளர மெஷ்ஷை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்றால், 1999-ல் உருவான எக்ஸ்-எஃப்.இ.எம். (விரிவாக்கிய ஃபைனைட் எலிமெண்ட்) முறையைப் படியுங்கள். அதில் விரிசல் எலிமெண்ட்டின் ஊடாகவே போகலாம்.

கேள்வி: இவ்வளவு நல்ல மென்பொருள் வந்த பிறகும் கைக்கணக்கு எதற்கு?
– வடிவமைப்புப் பொறியாளர், ஓசூர்

பதில்: 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்டாவாங்கர் அருகே, ஸ்லைப்னர் ஏ எண்ணெய்த் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளத்தைச் சோதனைக்காக நீருக்குள் தாழ்த்தினார்கள். சுவர் உடைந்து மொத்தமும் மூழ்கியது. நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. உருளை அறைகள் சந்திக்கும் இடத்திலிருந்த முக்கோண இடைவெளியின் சுவரில் வெட்டுத்தகைவை (சுவரைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் தகைவு) ஃபைனைட் எலிமெண்ட் பகுப்பாய்வு 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. அங்கே எலிமெண்ட்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. கான்கிரீட்டுக்குள் கம்பி அமைப்பும் போதவில்லை. பிறகு நுணுக்கமாகச் செய்த ஆய்வு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

நீர் அழுத்தத்தைச் சுவரின் அகலத்தால் பெருக்கிப் பாதியாக்கினால், ஒரு மீட்டர் உயரச் சுவரின் முனையில் வரும் வெட்டுவிசை கிடைத்துவிடும். ஐந்து நிமிட வேலை. அந்த எண் கையில் இருந்தால் 47 சதவீதக் குறை கண்ணில் படாமல் போகாது.

அழுத்தக் கலன் வடிவமைப்பில் இருந்தபோது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் கொடுத்த வேலை, ஒரு திசையில் இழுக்கப்படும் அகன்ற தகட்டில் சிறு வட்டத் துளை. துளை விளிம்பில் தகைவு, துளைக்குத் தொலைவில் உள்ளதைப் போல் 3 மடங்கு என்பது 1898-லேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் தந்த விடை. அந்த 3 வராத மெஷ்ஷை வைத்து யாரும் கலனைத் தொடக் கூடாது என்பேன். நீங்களும் அதைச் செய்யுங்கள். பிறகு உங்கள் மாடலில் தாங்கிகளின் எதிர்விசைகளைக் கூட்டி, கொடுத்த சுமையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாதவரை, தகைவைக் காட்டும் வண்ணப் படத்தைத் திறக்காதீர்கள்.