பிறந்தநாள் மேஜிக் ஷோவில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், ஆனால் சிரிக்கவில்லை. அதே வித்தையை எப்படிச் சிரிப்பாக்குவது?

நீங்கள் சொன்னது இவ்வளவு: 5 முதல் 8 வயதுக் கூட்டம், கலரிங் புக் வித்தை (ஒரே புத்தகம் புரட்டப் புரட்ட வெள்ளை, கோட்டுப் படம், கலர்ப் படம் என்று மாறும்), ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, நடுவில் ஜோக் சேர்க்கலாமா என்று யோசனை.

ஜோக் வேண்டாம். அது பின்வரிசையில் நிற்கும் அப்பாக்களுக்குத்தான் போய்ச் சேரும். இந்த வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது, தங்களுக்குத் தெரிந்த ஒன்று ஒரு பெரியவருக்குத் தெரியாமல் போகும்போதுதான். அதனால் கலரிங் புக்கில் மாற்ற வேண்டியது ஒன்றே: படம் காணாமல் போனதை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும், நீங்கள் கடைசியில் பார்க்க வேண்டும்.

புத்தகத்தின் சூட்சுமம் உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பக்கம், கோட்டுப் படம், கலர்ப் படம் மூன்றும் மாறி மாறி வரும். வெளி ஓரத்தை மூன்று விதமாக வெட்டியிருப்பார்கள். கட்டைவிரலை மேல் மூலையில் வைத்துப் புரட்டினால் ஒன்று, நடுவில் இன்னொன்று, கீழே மற்றொன்று. எது எங்கே என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இங்கே மேலே வெள்ளை, நடுவில் கோடு, கீழே கலர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் விரல் நடுவில், கோட்டுப் படங்களைக் காட்டுங்கள். பிள்ளைகள் தங்கள் சட்டை, பாவாடையிலிருந்து கலரைக் கிள்ளி எடுத்துப் புத்தகத்தின் மேல் எறியட்டும். பிறகு மந்திரம். 'ஜீபூம்பா' என்று சொல்லாதீர்கள், கம்பீரமாக 'ஜீரகம்பா' என்று சொல்லுங்கள். திருத்துவார்கள். உடனே ஏற்றுக்கொண்டு, இன்னும் கம்பீரமாக 'ஜிலேபிப்பா'. இரண்டு தப்பு போதும், மூன்றாவதில் சலிப்பு தட்டும். அந்த இரண்டாவது தப்போடு விரலை மேல் மூலைக்கு ஏற்றி, புத்தகத்தைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிப் புரட்டுங்கள். உங்கள் கண் மட்டும் பிறந்தநாள் பிள்ளையின் முகத்தில் இருக்கட்டும், புத்தகத்துக்குப் போகக் கூடாது.

"அங்கிள், ஒண்ணுமே இல்ல!"

"ஒண்ணுமே குறை இல்லையா? ரொம்ப தேங்க்ஸ்."

"ஐயோ, படமே இல்ல!"

"படம் இல்லப்பா, இது புக்கு."

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அவர்கள் கத்தும்போது நீங்களும் பேசினால் இரண்டுமே கேட்காது. வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள், கத்தல் லேசாக இறங்கும்போது பதில் சொல்லுங்கள். அப்புறம் சந்தேகம் வந்தவர் போலப் புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள். கை திரும்பும் அந்த அசைவிலேயே விரல் நடுவுக்கு இறங்கிவிட வேண்டும். உங்கள் பக்கம்தானே என்று அப்படியே விட்டால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வெள்ளைப் பக்கம் தெரிந்து, நீங்கள் பொய் சொல்வதாகப் போட்டுக்கொடுத்துவிடும். "இருக்கே!" என்று கூட்டத்துக்கும் ஒருமுறை கோட்டுப் படத்தையே காட்டுங்கள். ஒரு கணம் வாயடைத்துப்போவார்கள். மறுபடி தலையைத் திருப்பி அம்மாவிடம் "கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டபடியே மேல் மூலையில் புரட்டுங்கள். வெள்ளை. இப்போது கிளம்பும் கூச்சலுக்கு மைக் தேவைப்படாது.

மூன்றாவது முறை நீங்களே பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் சிரிப்பு எரிச்சலாகிவிடும், பெரிய பிள்ளைகள் "சும்மா நடிக்கிறாரு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பார்த்ததும் பதறுங்கள். புத்தகத்தைக் கவிழ்த்து உதறுங்கள், கொட்டிய படத்தைத் தரையில் தேடுங்கள், முதல் வரிசைப் பையன் மேல் விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: கவிழ்த்தால் மேல் மூலை கீழ் மூலையாகிவிடும். நேராக்காமல் புரட்டினால் கலர் முன்கூட்டியே வந்து கடைசிக் காட்சி பாழ். மூலையை மறக்காமலிருக்க, முன்னட்டையின் மேல் ஓரத்தில் நகத்தால் ஒரு சின்னப் பள்ளம் போட்டுக்கொள்ளுங்கள். விரலுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

முடிவில் பிறந்தநாள் பிள்ளைதான் உங்களுக்கு 'ஜீபூம்பா' சொல்லிக்கொடுக்க வேண்டும், எழுத்துக் கூட்டி. கீழ் மூலையில் புரட்டும்போது அவசரமே வேண்டாம். கலர் வந்ததும் நீங்கள் ஓரடி பின்னால் போய்விடுங்கள், கைதட்டல் அந்தப் பிள்ளைக்கு. இப்படிச் செய்தால் ஒரு நிமிட வித்தை ஐந்து, ஆறு நிமிடத்துக்கு வரும்.

புதுப் புத்தகம் விறைப்பாக இருக்கும். அட்டையை முன்னும் பின்னும் வளைத்து, ஒவ்வொரு மூலையிலும் இருபது முப்பது தடவை புரட்டிப் பழக்குங்கள். மழைக்காலத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு வெள்ளை நடுவே ஒரு கலர்ப் பக்கம் எட்டிப் பார்க்கும். ஓரத்தில் துளி முகப்பவுடர் தடவி உதறினால் சரியாகும்.

உதவிக்கு வரும் பிள்ளையின் கையில் கொடுக்க ஒரு மந்திரக்கோலும் இருந்தால் நல்லது, கொடுத்த உடனே துண்டு துண்டாகத் தொங்கும் வகை. கடையில் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். அரை அங்குல பிவிசி பைப்பில் 7 செ.மீ. துண்டுகள் நான்கு, உள்ளே நீளாத பின்னல் கயிறு 45 செ.மீ. ஒரு முனையில் வாஷர் கோத்து முடிச்சு, மறுமுனையில் விரல் நுழையும் வளையம். வளையத்தை இழுத்து உள்ளங்கையில் அழுத்தினால் கோல் விறைக்கும், பிள்ளை மறுமுனையைப் பிடித்ததும் தளர்த்தினால் சரிந்துவிடும். வெட்டிய வாய்கள் சரிமட்டமாக இல்லாவிட்டால் விறைத்த கோல் வாழைப்பழம் போல வளைந்து நிற்கும், உப்புத்தாளில் தேயுங்கள். ரப்பர் நாடா போடாதீர்கள், தானே பழையபடி கூடிக்கொள்ளும், சரியவே சரியாது.

கோல் உடைந்ததும் "என்ன பண்ணிட்டே!" என்று பிள்ளையைப் பார்த்துச் சொல்வதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கூச்சமுள்ள பிள்ளை அங்கேயே அழுதுவிடும், அதற்குப் பிறகு நீங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் கூட்டம் சிரிக்காது. பழி உங்கள் மேலோ கடைக்காரர் மேலோ விழட்டும்: "பத்து வருஷம் கேரண்டின்னாரே… இன்னிக்குத்தான் முடியுது போல." உதவிக்கு அழைக்கும்போது அதிகமாகக் கத்தும் பையனையும், அம்மா முதுகில் கை வைத்துத் தள்ளும் பிள்ளையையும் தவிருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துக்கொண்டிருப்பவர்தான் சரியான ஆள். பிறந்தநாள் பிள்ளைக்கு மேடைக் கூச்சம் உண்டா என்று முன்னாடியே வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் பக்கத்தில் ஒரு நண்பனையும் நிறுத்துங்கள்.

4 வயதுக்குக் கீழே இந்தக் கூத்து எடுபடாது, கூச்சலைக் கண்டே சில பிள்ளைகள் பயப்படும். 9 தாண்டியவர்கள் நடிப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்களுக்கு வேறு வித்தை வைத்துக்கொள்ளுங்கள். "யூடியூப்ல பாத்தேன்" என்று ஒருவன் நிச்சயம் சொல்வான். மறுக்காதீர்கள். "சூப்பர், அப்ப நீதான் என் அசிஸ்டென்ட், ரகசியம் வெளிய போகாம பாத்துக்க" என்று ஒரு வேலை கொடுத்தால் அடங்கிவிடுவான்.

உங்கள் மேஜையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஜமக்காளத்தின் முன் ஓரம் இருக்கட்டும். "உட்கார்ந்துகிட்டே எவ்வளவு வேணா கத்தலாம், எழுந்தா மந்திரம் வேலை செய்யாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வெள்ளைப் பக்கத்தைச் சுட்டிக்காட்ட எட்டுப் பேர் ஓடி வந்து புத்தகத்தைப் பிடுங்குவார்கள். கையில் பிடிக்கும் மைக் வேண்டாம், இரண்டு கையும் புத்தகத்துக்கு வேண்டும், காலர் மைக் கேளுங்கள். ஷோ கேக் வெட்டுவதற்கு முன் முடிய வேண்டும், பிறகு எல்லார் கண்ணும் தட்டிலும் ரிட்டர்ன் கிஃப்டிலும்தான் இருக்கும். வித்தை முடிந்த கையோடு புத்தகம் பெட்டிக்குள் போய்ப் பூட்டு விழ வேண்டும். மேஜை மேல் விட்டால், கேக் வெட்டும் நேரத்தில் அந்த யூடியூப் பையன்தான் முதலில் வந்து பிரித்துப் பார்ப்பான்.