எலுமிச்சைச் சாற்றை இன்றே நிறுத்துங்கள்

பருவுக்காக முகத்தில் போடும் பொடிப் பூச்சு எரிகிறது, இழுக்கிறது, சிவக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பொடி அல்ல, அதைக் குழைக்கும் எலுமிச்சைச் சாறுதான். அதன் பிஎச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் அளவு) 2-க்குப் பக்கம், தோலுக்கு 5 அளவில் இருக்க வேண்டும். முல்தானி மட்டி, வேப்பிலை, கஸ்தூரி மஞ்சளோடு அதைச் சேர்த்துத் தினமும் போட்டு, விரிசல் விடும்வரை காயவிடுகிறேன் என்கிறீர்கள். பரு உள்ள முகம் இதைத் தாங்காது. முல்தானி எண்ணெயோடு ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இழுப்பும் சிவப்பும் அதனால்தான்.

ஒரு வாரம் எல்லாப் பூச்சையும் விடுங்கள். எரிச்சல் முழுதும் அடங்கிய பிறகு ஒவ்வொரு பொடியையும் தனித்தனியாக வெறும் தண்ணீரில் குழைத்து, தாடைக்குக் கீழே சின்னதாகத் தடவி, ஒரு நாள் பாருங்கள். அரித்தால் அந்தப் பொடி உங்களுக்கு வேண்டாம்.

மஞ்சளையும் சந்தேகப்படுங்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறம், கற்பூர வாசனை வரும், கையில் அவ்வளவாக ஒட்டாது. பளீர் மஞ்சளாகக் கறை பிடித்தால் அது வேறு. நானும் இப்படி ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம் போடுவதானால் வாரம் ஒருமுறை போதும். பொடியை மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில், ஈரம் இருக்கும்போதே, தேய்க்காமல் கழுவுங்கள்.

வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்பு, மாதவிடாய் தள்ளிப்போவது இருந்தால் பொடியை நம்பி நாளைக் கடத்தாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பரு மருந்து பூசுகிறவர்கள் அவரைக் கேட்காமல் எந்தப் பூச்சும் போட வேண்டாம்.